ஸ்டேட் மெஷின் மாட்டிக்கிச்சா, தாவுதா, ரெண்டு தடவ ஓடுதா? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

போர்வெல் மோட்டார் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் எழுதினது ஒரு காலம், அப்புறம் ஆன்லைன் ஆர்டர் எடுக்கற பேக்எண்ட்ல வேல பாத்தது இன்னொரு காலம், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னுதான் நெனச்சிருந்தேன், ஆனா ரெண்டு எடத்துலயும் ராத்திரி ஃபோன் அடிச்சு எழுப்பின கோளாறு எல்லாம் ஒரே மாதிரிதான். மோட்டார் "ஸ்டார்ட் ஆகுது"ங்கற ஸ்டேட்லயே நின்னுடுச்சு, ஆர்டர் "பேமென்ட் பெண்டிங்"லயே நின்னுடுச்சு. மோட்டார் நிமிஷத்துக்கு பத்து தடவ ஆன் ஆஃப் ஆகுது, கஸ்டமருக்கு ஒரே ரீஃபண்ட் ரெண்டு தடவ போயிடுச்சு.

ரெண்டுமே ஸ்டேட் மெஷின்தான், அதாவது எப்பவும் ஒரு ஸ்டேட்ல (நிலைல) இருக்கும், ஈவென்ட் (ஏதோ நடந்துச்சுங்கற தகவல்) வந்தா டயக்ராம்ல அம்புக்குறி காட்டற அடுத்த ஸ்டேட்டுக்கு போகும். இத்தன வருஷத்துல கவனிச்சது ஒண்ணு. டயக்ராம்ல போட்ட அம்புக்குறி தப்பா இருந்து வந்த கோளாறு ரொம்ப கம்மி. போடாம விட்ட அம்புக்குறிதான் பெரும்பாலும் படுத்தும். இந்த ஸ்டேட்ல இந்த ஈவென்ட் வராதுன்னு நம்ம மனசுல முடிவு பண்ணி விட்டிருப்போம், ஃபீல்டுல அது வந்துடும். கீழ இருக்கறத அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க. உங்க அறிகுறி எதுவோ அந்த தலைப்புக்கு நேரா போயிடலாம், ஆனா முதல் பகுதிய மட்டும் தாண்டாதீங்க.

## எதையும் தொடறதுக்கு முன்னாடி: ட்ரான்சிஷன் லாக் இருக்கா?

ட்ரான்சிஷன்னா ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறறது. அதுக்கு லாக் இல்லன்னா மொதல்ல அத போடுங்க, அப்புறம் பக் தேடலாம். ஸ்டேட்ட மாத்தற வேல ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாத்தான் நடக்கணும், அந்த ஃபங்ஷன்ல ஒரு வரி லாக். அதுல நேரம், பழைய ஸ்டேட், வந்த ஈவென்ட், கார்டு கண்டிஷன் (இந்த அம்பு வழியா போகலாமான்னு காவல் காக்கற நிபந்தனை) என்ன சொல்லுச்சு, புது ஸ்டேட், இவ்ளோதான் வேணும்.

முக்கியமா, ஒதுக்கின ஈவென்ட்டையும் லாக் பண்ணுங்க. நிறைய பேர் ஸ்டேட் மாறினா மட்டும் லாக் எழுதறாங்க, ஆனா மாட்டிக்கிட்ட மெஷின்ல ஸ்டேட் மாறவே மாறாதே, அப்போ லாக் காலியாத்தான் இருக்கும், ஈவென்ட் வரலயா இல்ல வந்தும் தூக்கி போட்டுடுச்சான்னு சொல்ல முடியாது. கீழ இருக்கற பாதி பிரிவு இந்த ஒரு கேள்வியிலதான் பிரியுது.

சின்ன மைக்ரோகன்ட்ரோலர்னா கடைசி 32 ட்ரான்சிஷன ரேம்ல ஒரு சுத்து பஃபர்ல வச்சுக்கங்க, ஃபால்ட் வந்தா மட்டும் ஈப்ராம்ல (கரண்ட் போனாலும் மறக்காத மெமரி) எழுதுங்க. ஒவ்வொரு ட்ரான்சிஷனயும் ஈப்ராம்ல எழுதினா அதோட ஆயுசு போயிடும், ஆர்டுயினோ ஊனோல இருக்கற ஏவிஆர் சிப்புக்கு ஒரு இடத்துக்கு 1,00,000 எழுத்துதான் கணக்கு.

## அறிகுறி 1: ஒரே ஸ்டேட்ல நிக்குது, நகரவே மாட்டேங்குது

எனக்கு அதிகமா வந்த கம்ப்ளெயின்ட் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

### லாக்ல அந்த ஈவென்ட்டே வரல

மெஷின் மேல தப்பு இல்ல, அனுப்பறவன் அனுப்பல. ஃப்ளோட் ஸ்விட்ச் ஒயர அணில் கடிச்சு வச்சிருக்கும், மல்டிமீட்டர கன்டினியூட்டில வச்சு பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். பேக்எண்ட்னா பேமென்ட் கேட்வே டாஷ்போர்டுல வெப்ஹூக் (கேட்வே தானா நம்ம சர்வருக்கு அனுப்பற தகவல்) டெலிவரி லிஸ்ட்ட பாருங்க, நம்ம சர்வர் 500 எர்ரர் திருப்பியிருக்கும் இல்லன்னா டொமைன் மாத்தினப்போ பழைய யூஆர்எல் அப்படியே இருந்திருக்கும். இதெல்லாம் காசு செலவில்லாத செக், இத முடிச்சுட்டு கோடுக்கு வாங்க.

ஒயர சரி பண்ணிட்டோம்னு கேஸ மூடிடாதீங்க. ஈவென்ட் வராம போனா உள்ளயே கெடக்கற மாதிரி டிசைன் பண்ணதும் ஒரு கோளாறுதான். எதுக்காவது காத்திருக்கற ஸ்டேட் எல்லாத்துலயும் டைம்அவுட் அம்பு ஒண்ணு கட்டாயம் வேணும். மோட்டார் "ஸ்டார்ட்டிங்"ல இருந்து குறிச்ச செகண்டுக்குள்ள கரண்ட் ஏறலன்னா ஃபால்ட்டுக்கு போகணும், அவ்ளோதான்.

டைம்அவுட் இல்லாத ஸ்டேட் என்ன பண்ணும்னு பாக்கணும்னா டிசிபிய பாருங்க. இன்டர்நெட்டே ஓடற அந்த ப்ரோட்டோகால் ஒரு ஸ்டேட் மெஷின்தான், 1981-ல வந்த ஆர்எஃப்சி 793-ங்கற அதோட விதி ஆவணத்துல 11 ஸ்டேட்டோட படமாவே போட்டிருக்காங்க. அதுல க்ளோஸ் வெயிட்னு ஒண்ணு, எதிர்ப்பக்கம் பேசி முடிச்சாச்சு, நம்ம ப்ரோக்ராம் க்ளோஸ் பண்ணணும்னு காத்திருக்கற ஸ்டேட். அதுக்குன்னு டைம்அவுட் கெடயாது. நம்ம கோடு சாக்கெட்ட க்ளோஸ் பண்ண மறந்தா அந்த கனெக்ஷன் அப்படியே நிக்கும், ஒண்ணு பத்தாகி பத்து ஆயிரமாகி கடைசில ஃபைல் டிஸ்க்ரிப்டர் (தொறந்த ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் சிஸ்டம் குடுக்கற எண்) தீர்ந்து சர்வரே புது கனெக்ஷன் எடுக்காது. லினக்ஸ்ல எஸ்எஸ் கமாண்ட் அடிச்சு க்ளோஸ் வெயிட் எத்தனன்னு எண்ணுங்க, ஏறிக்கிட்டே போனா தப்பு நெட்வொர்க்ல இல்ல, நம்ம கோடுல.

### டைம்அவுட் போட்டிருந்தேன், ஆனாலும் நிக்குது

நடுவுல ப்ராசஸ் ரீஸ்டார்ட் ஆச்சான்னு பாருங்க. டைமர் மெமரில இருந்திருக்கும், ஸ்டேட் டேட்டாபேஸ்ல இருந்திருக்கும், டிப்ளாய் பண்ண அந்த நிமிஷத்துல டைமர் செத்துப்போச்சு, ஸ்டேட் மட்டும் உயிரோட இருக்கு. டிப்ளாய் நேரத்தையும் மாட்டிக்கிட்ட ஆர்டரோட நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அப்படியே பொருந்தும். ஸ்டேட்டோட கூடவே "எப்போ காலாவதி"ங்கற நேரத்தையும் டேட்டாபேஸ்ல எழுதி வைங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஜாப் வந்து காலாவதியானத எல்லாம் எடுத்து டைம்அவுட் ஈவென்ட் அனுப்பட்டும்.

### ஈவென்ட் வந்துச்சு, மெஷின் ஒதுக்கிடுச்சு

மொதல்ல பேர பாருங்க. ஈவென்ட் பேர ஸ்ட்ரிங்கா வச்சிருந்தா ஒரு எழுத்து மாறினாலே போச்சு. அடுத்தது ஸ்விட்ச் கேஸ்ல டிஃபால்ட்னு ஒண்ணு போட்டு அதுல ஒண்ணுமே பண்ணாம விட்டிருப்பீங்க, தெரியாத ஈவென்ட் எல்லாம் சத்தமில்லாம அங்க போய் விழும். சி-ல எழுதறவங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு, எனம்ல (பேர் வச்ச மதிப்புகளோட பட்டியல்) புதுசா ஒண்ணு சேத்தா ஜிசிசி கம்பைலர் "இத ஹேண்டில் பண்ணல"ன்னு வார்னிங் குடுக்கும், ஆனா டிஃபால்ட் இருந்தா அந்த வார்னிங் வராது. அதனால நான் ஸ்டேட் மெஷின் ஸ்விட்ச்ல டிஃபால்ட் போடறதே இல்ல.

பேர் எல்லாம் சரி, அப்பவும் ஒதுக்குதுன்னா ஈவென்ட் சீக்கிரம் வந்துடுச்சு. ஆர்டர் இன்னும் "உருவாச்சு" ஸ்டேட்லதான் இருக்கு, நம்ம கோடு அத "பேமென்ட் பெண்டிங்"க்கு நகத்தறதுக்குள்ள கேட்வேல இருந்து சக்ஸஸ் வெப்ஹூக் வந்து நிக்குது. "உருவாச்சு" ஸ்டேட்ல சக்ஸஸ்க்கு அம்பு இல்ல, தூக்கி போட்டாச்சு, அப்புறம் பெண்டிங்குக்கு போய் வராத ஈவென்ட்டுக்காக காத்துக்கிட்டே கெடக்கு. சாஃப்ட்வேர் டயக்ராம் போடறதுக்கான யூஎம்எல்-ங்கற தரத்தோட ஸ்டேட் மெஷின் விதிப்படியும் அம்பு இல்லாத ஈவென்ட்ட தூக்கி போடறதுதான் வழக்கம், அதனால லைப்ரரிய கொற சொல்லி பிரயோஜனம் இல்ல.

இதுக்கு ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் நீங்களே உக்காந்து முடிவு பண்ணணும், லாக் போட்டு ஒதுக்கறதா, எர்ரர்னு கத்தறதா, இல்ல எடுத்து வச்சு அடுத்த ஸ்டேட்டுக்கு போனதும் திரும்ப குடுக்கறதா. எர்லாங்ல ஜென் ஸ்டேட்எம்-னு இருக்கறதுல இந்த மூணாவது வழி ரெடியாவே இருக்கு, போஸ்ட்போன்னு சொன்னா போதும், ஸ்டேட் மாறினதும் அந்த ஈவென்ட் திரும்ப வரும். மத்த லாங்குவேஜ்ல நாமளே ஒரு சின்ன க்யூ வச்சுக்கணும்.

### ஈவென்ட் வந்துச்சு, கார்டு கண்டிஷன் விட மாட்டேங்குது

ரெண்டே விஷயம் பாருங்க. டெசிமல் நம்பர சமமான்னு கேட்டிருக்கீங்களா? 0.1-யும் 0.2-யும் கூட்டினா கம்ப்யூட்டருக்கு 0.3 வராது, காச பைசாவா முழு எண்ல வைங்க. இன்னொண்ணு நடுவுல ஓட்ட. ஒரு அம்பு "30-க்கு கீழ", இன்னொரு அம்பு "30-க்கு மேல", சரியா 30 வந்தா ரெண்டுமே இல்ல. இந்த ஓட்ட கண்ணுக்கு தெரியவே தெரியாது, ஒரே ஈவென்ட்டுக்கு கார்டு பல இருந்தா கடைசில "மத்ததெல்லாம்"னு ஒரு அம்பு போட்டுடுங்க.

### லாக்ல எதுவுமே வரல, ஒரு வரி கூட இல்ல

மெஷினே ஓடல. ஃபர்ம்வேர்னா எங்கயாவது டிலே போட்டு உக்காந்திருக்கும். செக் பண்ண ஒரு எல்இடிய மெயின் லூப்ல மினுக்க விடுங்க, மினுக்கறது நின்னா லூப் மாட்டிக்கிச்சு.

ஒரு மாசத்துக்கு மேல ஒழுங்கா ஓடிட்டு 50 நாள் பக்கத்துல நிக்குதுன்னா அது வேற. மில்லிசெகண்ட 32 பிட்ல எண்ணினா 49.7 நாள்ல ஜீரோவுக்கு திரும்பிடும். விண்டோஸ் 95 இந்த கணக்குலதான் 49.7 நாளுக்கு அப்புறம் தொங்கிச்சு. "இப்ப நேரம் முடிவு நேரத்த விட பெருசா"ன்னு கேக்காதீங்க, "இப்ப நேரத்துல இருந்து தொடங்கின நேரத்த கழிச்சா இவ்ளோ ஆச்சா"ன்னு கேளுங்க, சைன் இல்லாத எண்ணா இருந்தா ஜீரோவ தாண்டினாலும் கழிச்சது சரியா வரும்.

ஆள கூப்பிட வேண்டிய எடம்: 5 வோல்ட் 12 வோல்ட் பக்கம் எல்லாம் நாமளே பாக்கலாம், 230, 415 வோல்ட் பேனல தொறக்கணும்னா லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன் வரட்டும். பேக்எண்ட்ல காசு எடுத்தாச்சு ஆனா ஆர்டர் பெண்டிங்னு ஒண்ணுக்கு மேல இருந்தா, கையால ஸ்டேட்ட மாத்தறதுக்கு முன்னாடி கணக்கு பாக்கறவங்கள உக்கார வச்சு கேட்வே ரிப்போர்ட்டோட ஒத்து பாருங்க.

## அறிகுறி 2: ரெண்டு ஸ்டேட்டுக்கு நடுவுல தாவிக்கிட்டே இருக்கு

லாக்ல ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு ஓடும். நேர இடைவெளிய பாருங்க, காரணம் அதுலயே இருக்கு.

சில மில்லிசெகண்ட் இடைவெளி: ஸ்விட்ச் பவுன்ஸ். பட்டன அமுக்கினா உள்ள இருக்கற தகடு துள்ளி துள்ளித்தான் நிக்கும். 20, 30 மில்லிசெகண்ட் நிலையா இருந்தா மட்டும் ஈவென்ட்டா எடுத்துக்கங்க.

சில செகண்ட் இடைவெளி: தண்ணி அலையுது. தொட்டிக்கு மேல தண்ணி விழற எடத்துக்கு பக்கத்துல ஃப்ளோட் இருந்தா அது ஆடிக்கிட்டேதான் இருக்கும், டிபவுன்ஸ் போட்டு இத அடக்க முடியாது. ஆன் பண்ற மட்டமும் ஆஃப் பண்ற மட்டமும் வேற வேறயா இருக்கணும், 40 சதவீதத்துக்கு கீழ போனா ஆன், 90 தாண்டினா ஆஃப், நடுவுல இருந்தா இருக்கற ஸ்டேட்லயே இரு. இது போதாதுன்னா ஒரு ஸ்டேட்டுக்குள்ள போனா குறைஞ்சது இவ்ளோ நேரம் அங்க இருந்தே ஆகணும்னு ஒரு கட்டாயம் போடுங்க.

இடைவெளியே இல்ல, ஒரே நொடில நூத்துக்கணக்கான வரி: மெஷின் தனக்குத்தானே ஈவென்ட் அனுப்புது. ஒரு ஸ்டேட்டோட என்ட்ரி ஆக்ஷன்ல (உள்ள நுழைஞ்சதும் ஓடற வேல) ஒரு ஈவென்ட் அனுப்பறீங்க, அது இன்னொரு ஸ்டேட்டுக்கு தள்ளுது, அங்க இருக்கற என்ட்ரி ஆக்ஷன் திரும்ப இங்க தள்ளுது. என்ட்ரி ஆக்ஷன்ல இருந்து போற ஈவென்ட் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வட்டம் வருதான்னு பாருங்க.

மோட்டார் விஷயத்துல இத தள்ளி போடாதீங்க. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மோட்டார் சாதாரணமா இழுக்கறத விட 5-லேர்ந்து 7 மடங்கு கரண்ட் இழுக்கும், திரும்ப திரும்ப ஸ்டார்ட் பண்ணா வைண்டிங் சூடாகி எரிஞ்சுடும். தாவுதுன்னு தெரிஞ்ச உடனே மெயின ஆஃப் பண்ணிட்டு அப்புறம் லேப்டாப்ப தொறங்க. காண்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் விடற பெரிய ரிலே) கடகடன்னு அடிக்குது ஆனா லாக்ல ஒரே ஒரு ஆன்தான் இருக்குன்னா அது சாஃப்ட்வேர் இல்ல, வோல்டேஜ் கம்மியோ காயிலோ, எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போடுங்க.

## அறிகுறி 3: ஒரே வேல ரெண்டு தடவ நடக்குது

ரெண்டு எஸ்எம்எஸ் போனா மன்னிப்பாங்க, ரெண்டு ரீஃபண்ட் போனா யாரும் மன்னிக்க மாட்டாங்க.

லாக்ல ஒரே ஈவென்ட் ரெண்டு தடவ இருந்தா, பட்டன ரெண்டு தடவ தட்டியிருப்பாங்க, இல்ல வெப்ஹூக் திரும்ப வந்திருக்கும். வெப்ஹூக் அனுப்பறவங்க குறைஞ்சது ஒரு தடவ அனுப்புவோம்னுதான் சொல்றாங்க, சரியா ஒரே தடவன்னு யாரும் சொல்றதில்ல, நாம பதில் சொல்ல லேட்டானா திரும்ப அனுப்பிடுவாங்க. ஈவென்ட் ஐடிய ஒரு டேபிள்ல யூனிக்னு வச்சு, ஏற்கனவே இருந்தா ஓகேன்னு பதில் சொல்லிட்டு விட்டுடுங்க.

ஈவென்ட் ஒண்ணுதான், ஆனா ரெண்டு ஒர்க்கர் ஒரே நேரத்துல எடுத்திருந்தா, ரெண்டு பேரும் "பெய்டு"ன்னு படிச்சிருப்பாங்க, ரெண்டு பேரும் "ரீஃபண்ட்"னு எழுதியிருப்பாங்க. மொதல்ல படிச்சு அப்புறம் எழுதற வழக்கத்த விடுங்க. அப்டேட் ஸ்டேட்மென்ட்லயே "இந்த ஆர்டர், அதோட ஸ்டேட் இன்னும் பெய்டா இருந்தா மட்டும்"னு கண்டிஷன் சேத்து எழுதுங்க, எத்தன வரி மாறிச்சுன்னு பாருங்க, 1-ன்னா நீங்கதான் ஜெயிச்சீங்க, 0-ன்னா வேற யாரோ முந்திட்டாங்க, பேசாம வெளிய வந்துடுங்க. இந்த ஒரு மாத்தம் என்ன காப்பாத்தின அளவுக்கு எந்த லைப்ரரியும் காப்பாத்தல.

ஈவென்ட்டும் ஒண்ணு, ஒர்க்கரும் ஒண்ணு, அப்பவும் ரெண்டுன்னா என்ட்ரி ஆக்ஷன சந்தேகப்படுங்க. ஒரு ஸ்டேட்ல இருந்து அதே ஸ்டேட்டுக்கு அம்பு போட்டிருக்கீங்களா, யூஎம்எல் கணக்குல அது வெளிய போயிட்டு திரும்ப உள்ள வர்ற மாதிரி, என்ட்ரி ஆக்ஷன் மறுபடி ஓடும். வெளிய போகாம உள்ளயே நடக்கற ட்ரான்சிஷனா அத மாத்துங்க. அதே மாதிரி ரீஸ்டார்ட் ஆகி டேட்டாபேஸ்ல இருந்து ஸ்டேட்ட திரும்ப ஏத்தறப்போவும் சிலர் எழுதின கோடுல என்ட்ரி ஆக்ஷன் ஓடிடும், ஏத்தறது வேற உள்ள நுழையறது வேற, ரெண்டுக்கும் தனி ஃபங்ஷன் வேணும்.

ஆள கூப்பிட வேண்டிய எடம்: காசு ஏற்கனவே போயிருந்தா. ஸ்க்ரிப்ட் எழுதி திருப்பி எடுக்கலாம்னு இறங்காதீங்க, கேட்வே சப்போர்ட்டும் உங்க ஃபைனான்ஸ் ஆளும் இல்லாம ஒரு ரூபாயையும் நகத்தாதீங்க.

## அறிகுறி 4: போகவே கூடாத ஸ்டேட்ல போய் நிக்குது

"கேன்சல்" ஆன ஆர்டர் "டெலிவர்டு"ல நிக்குது, "ஃபால்ட்"ல இருந்த மோட்டார் "ஓடுது"ன்னு காட்டுது.

### லாக்ல அந்த ட்ரான்சிஷனே இல்ல

யாரோ பின்வாசல் வழியா மாத்தியிருக்காங்க. கோடு முழுக்க ஸ்டேட் வேரியபிள் பேர தேடுங்க, அந்த ஒரே ஃபங்ஷன தவிர வேற எங்க அசைன் ஆகுதோ அதுதான் ஆள். அட்மின் பேனல்ல ஸ்டேட்டஸ் ட்ராப்டவுன் இருக்கான்னும் கேளுங்க, சப்போர்ட் டீமுக்கு உதவியா இருக்கட்டும்னு யாரோ வச்சிருப்பாங்க. அத எடுத்துட்டு அதுக்கு பதிலா ஈவென்ட் அனுப்பற பட்டன் குடுங்க.

### அப்டேட் போட்டதுக்கு அப்புறம் பழைய ரெக்கார்டு எல்லாம் மாறிப்போச்சு

எனம் நம்பர் நகந்துடுச்சு. பெண்டிங் 0, பெய்டு 1, ஷிப்டு 2-ன்னு இருந்தது, நடுவுல "பேக்டு"ன்னு ஒண்ண சொருகினீங்க, இப்போ 2-ன்னா பேக்டு, பழைய ஷிப்டு ஆர்டர் எல்லாம் பேக்டு ஆயிடுச்சு. ஜாவால ஜேபிஏ (டேட்டாபேஸ்ல எழுத படிக்க இருக்கற தரம்) யூஸ் பண்றவங்க கட்டாயம் பாருங்க, சொல்லலன்னா அது வரிசை நம்பரத்தான் டேட்டாபேஸ்ல எழுதும், ஸ்ட்ரிங்கா எழுதுன்னு நாமதான் சொல்லணும். ஈப்ராம்ல ஸ்டேட் எழுதற ஃபர்ம்வேர்லயும் இதே கததான். புதுச எப்பவும் கடைசில சேருங்க இல்லன்னா ஒவ்வொண்ணுக்கும் நம்பர கையால குடுங்க. பேக்அப் இல்லாம ஏற்கனவே கலந்துபோச்சுன்னா டேட்டாபேஸ் தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடுங்க, மாறின நேரத்த வச்சு பிரிக்கறது பொறுமையா பண்ண வேண்டிய வேல.

### லாக்ல இருக்கு, ஈவென்ட் டைம்அவுட்னு போட்டிருக்கு

இது எனக்கு ரெண்டு நாள் தூக்கத்த கெடுத்தது. மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்கு போனப்போ ஒரு டைமர் வச்சேன், அதுக்குள்ள ஆள் ஸ்டாப் அமுக்கிட்டு உடனே திரும்ப ஸ்டார்ட் அமுக்கிட்டாரு, ரெண்டாவது ஸ்டார்ட்டிங் ஆரம்பிச்ச ஒரு செகண்ட்ல மொத ஸ்டார்ட்டிங்கோட டைமர் வந்து அடிச்சு ஃபால்ட்டுக்கு தள்ளிடுச்சு. ஸ்டேட் பேர் அதேதான், அதனால மெஷினுக்கு வித்தியாசம் தெரியல. ஆளோ "உங்க பாக்ஸ் சும்மா சும்மா ஃபால்ட் ஆகுது"ங்கறாரு, டேபிள்ல வச்சு நிதானமா டெஸ்ட் பண்ணா வரவே வராது, ஏன்னா நாம நிதானமாத்தான் அமுக்கறோம்.

ஸ்டேட்ட விட்டு வெளிய வர்றப்போ டைமர கேன்சல் பண்ணுங்க, ஆனா அது மட்டும் பத்தாது, கேன்சல் பண்றதுக்கு முன்னாடியே டைம்அவுட் ஈவென்ட் க்யூவுல ஏறியிருக்கலாம். அதனால ஒவ்வொரு தடவ உள்ள நுழையறப்போவும் ஒரு எண்ண ஒண்ணு ஏத்துங்க, டைமர் வைக்கறப்போ அந்த எண்ண அதோட ஒட்டி அனுப்புங்க, திரும்ப வர்றப்போ எண் பொருந்தலன்னா பழசுன்னு ஒதுக்கிடுங்க. டிசிபில டைம் வெயிட்னு ஒரு ஸ்டேட் இருக்கறதுக்கு ஒரு காரணமும் இதுதான், பழைய கனெக்ஷனோட லேட்டா வர்ற பாக்கெட் புது கனெக்ஷனுக்குள்ள நுழைஞ்சுடக்கூடாதுன்னு லினக்ஸ்ல 60 செகண்ட் அப்படியே வச்சிருக்கும்.

### வேகமா பண்ணா மட்டும் வருது, நிதானமா பண்ணா வரல

ஒரு ட்ரான்சிஷன் பாதில இருக்கறப்போ அடுத்த ஈவென்ட் உள்ள வந்துடுச்சு. ஒரு ஈவென்ட்ட முழுசா முடிச்சுட்டுத்தான் அடுத்தத எடுக்கணும், எல்லா ஈவென்ட்டும் ஒரே க்யூ வழியா வரணும், இன்டரப்ட்ல இருந்தோ கால்பேக்ல இருந்தோ நேரா ட்ரான்சிஷன் ஃபங்ஷன கூப்பிடக்கூடாது, க்யூவுல போட்டுட்டு வந்துடணும்.

இந்த வகைய லேசா எடுத்துக்காதீங்கன்னு சொல்ல தெரக்-25 கதைய சொல்லியே ஆகணும். 1985-லேர்ந்து 1987 வரைக்கும் அந்த ரேடியேஷன் மெஷின்ல 6 பேருக்கு அளவுக்கு மீறின கதிர்வீச்சு போச்சு, சிலர் செத்தும் போயிட்டாங்க. டெக்சாஸ்ல டைலர்ங்கற ஊர்ல நடந்த ரெண்டும் இந்த வகைதான், காந்தத்த செட் பண்ண 8 செகண்ட் போல ஆகும், அந்த நேரத்துக்குள்ள ஆப்பரேட்டர் ஸ்கிரீன்ல மாத்திட்டா மெஷினோட ஒரு பகுதி அந்த மாத்தத்த பாக்கவே இல்ல. புதுசா கத்துக்கறவங்க மெதுவா டைப் பண்ணப்போ வரல, கை பழகி வேகமானதும் வந்துச்சு. 1987-ல யாகிமாங்கற ஊர்ல நடந்தது வேற பக். செக் பண்ணணுமாங்கறத ஒரு 8 பிட் வேரியபிள்ல வச்சிருந்தாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் அத ஒண்ணு ஏத்தினாங்க, ஜீரோ இல்லன்னா செக் பண்ணு. 256-வது சுத்துல அது ஜீரோ ஆயிடும், அந்த நொடில செட் பட்டன அமுக்கினா செக் நடக்காது. ஏத்தறதுக்கு பதிலா ஒரு நிலையான எண்ண வச்சிருந்தா அது வந்திருக்காது.

ஆள கூப்பிட வேண்டிய எடம்: உங்க மெஷின் மனுஷ உயிர தொடற எடத்துல இருந்தா, லிஃப்ட், மெடிக்கல், பெரிய மோட்டார், பாய்லர், எதுவா இருந்தாலும், இந்த அறிகுறி ஒரு தடவ வந்தாலே நிறுத்திட்டு ஃபங்ஷனல் சேஃப்டி தெரிஞ்ச இன்ஜினியர கூப்பிடுங்க. பக்க புடிச்சிட்டோம்னு நாமளே சொல்லிக்கறது பத்தாது, சாஃப்ட்வேர் என்ன சொன்னாலும் தனியா நின்னு தடுக்கற ஹார்டுவேர் இன்டர்லாக் வேணும், தெரக்-25-ல பழைய மாடல்ல இருந்த அத எடுத்துட்டாங்க. உயிர் சம்பந்தம் இல்ல, ஆனா பல சர்வர்ல பரவி ஓடுது, மாசத்துக்கு ஒரு தடவதான் வருதுன்னா டிஎல்ஏ ப்ளஸ், ஸ்பின் மாதிரி டூல்ல மாடல் எழுதத் தெரிஞ்சவங்கள தேடுங்க, கண்ணால பாத்து புடிக்கற வகை இல்ல அது.

## அறிகுறி 5: மெஷின் ஓடுதுங்குது, மோட்டார் நிக்குது

ஸ்டேட்டும் லாக்கும் சரியாத்தான் இருக்கும், ஆனா நெசத்துல நடக்கறது வேற. நீங்க கட்டளை குடுத்தத ஸ்டேட்டா வச்சிருக்கீங்க, நடந்தத வைக்கல. ரிலேவ ஆன் பண்ண உடனே "ஓடுது"ன்னு போனா இப்படித்தான் ஆகும், நடுவுல "ஸ்டார்ட்டிங்" வேணும், கரண்ட் சென்சார் சொன்னாத்தான் "ஓடுது".

நிறுத்தறப்போவும் அப்படித்தான், இத நிறைய பேர் விட்டுடறாங்க. காண்டாக்டர் பல்லு ஒட்டிக்கிட்டா நாம ஆஃப் பண்ணாலும் மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஸ்கிரீன்ல ஆஃப்னு இருக்கேன்னு நம்பி யாராவது கை வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. "நிக்குது"ன்னு ஒரு ஸ்டேட் வைங்க, கரண்ட் இறங்கலன்னா அலாரம் அடிக்கட்டும். ஒட்டின காண்டாக்டர மாத்தறது எலக்ட்ரீஷியன் வேல.

கரண்ட் போயி வந்தா எந்த ஸ்டேட்ல எந்திரிக்கணும்ங்கறதும் இங்கதான் வரும். ஈப்ராம்ல "ஓடுது"ன்னு இருந்ததுன்னு அப்படியே தொடராதீங்க, சென்சார மறுபடி படிச்சு ஐடில் (சும்மா இருக்கற) ஸ்டேட்ல இருந்து வாங்க. ஃபால்ட்ட மட்டும் மறக்கக்கூடாது, கரண்ட் போயி வந்ததுல ஃபால்ட் அழிஞ்சு தண்ணியில்லாம ஓடி எரிஞ்ச பம்ப பாத்திருக்கேன்.

## அறிகுறி 6: புதுசா ஒண்ணு சேத்தா பழசு நாலு உடையுது

ஸ்டேட் மெஷின்னு சொல்றீங்க, கோட தொறந்தா அஞ்சு பூலியன் ஃப்ளாக் இருக்கு, ஓடுதா, ஃபால்ட்டா, மேனுவலா, கூலிங்கா, பூட்டியிருக்கா. 5 ஃப்ளாக்னா 32 சேர்க்கை, அதுல ஏழோ எட்டோதான் அர்த்தமுள்ளது, மிச்சம் எல்லாத்துலயும் பக் குடியிருக்கும். அர்த்தமுள்ளத மட்டும் பேர் வச்சு ஒரே எனமா ஆக்குங்க.

ஃப்ளாக் இல்ல, எனம்தான், ஆனா "மேனுவல் ஓடுது நெட் இல்ல", "ஆட்டோ ஓடுது நெட் இருக்கு"ன்னு பேர் நீண்டுக்கிட்டே போகுதா? ஒண்ணோடொண்ணு சம்பந்தமில்லாதத ஒரே மெஷின்ல அடைச்சிருக்கீங்க. மோட்டாருக்கு 6, மோடுக்கு 2, நெட்வொர்க்குக்கு 4-ன்னா சேத்து வச்சா 48 ஸ்டேட், பிரிச்சு மூணு மெஷினா வச்சா 12. டேவிட் ஹாரல்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி இஸ்ரேல்ல போர் விமான எலக்ட்ரானிக்ஸ் பண்றவங்களோட உக்காந்து வேல பாத்தப்போ இந்த வெடிப்புக்குத்தான் வழி தேடினாரு, 1987-ல வந்த அவரோட ஸ்டேட்சார்ட் கட்டுரைல ஸ்டேட்டுக்குள்ள ஸ்டேட், பக்கத்துல பக்கத்துல ஓடற ஸ்டேட்னு ரெண்டையும் குடுத்தாரு, இன்னைக்கு யூஎம்எல்லும் எக்ஸ்ஸ்டேட் லைப்ரரியும் அதுலேர்ந்து வந்ததுதான். எல்லா ஸ்டேட்லயும் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு அம்பு போட்டு போட்டு சலிச்சுப்போச்சுன்னா, எல்லாத்தையும் ஒரு பெரிய ஸ்டேட்டுக்குள்ள வச்சு வெளிய ஒரே ஒரு அம்பு போடுங்க. மூணு அடுக்குக்கு மேல உள்ள உள்ள போகாதீங்க, அதுக்கு மேல யாருக்கும் படிக்க வராது.

எண்ணிக்கைய ஸ்டேட்டா ஆக்கியிருக்கீங்களான்னும் பாருங்க, "முயற்சி 1", "முயற்சி 2", "முயற்சி 3"-னு. அது பக்கத்துல இருக்க வேண்டிய ஒரு வேரியபிள்.

பிரிச்சாச்சா, இப்போ ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தொறங்க. வரிசைல ஸ்டேட், பத்தில ஈவென்ட், ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க. 6 ஸ்டேட் 9 ஈவென்ட்னா 54 கட்டம், ஒவ்வொண்ணுலயும் அடுத்த ஸ்டேட், இல்ல "ஒதுக்கு", இல்ல "எடுத்து வை", இல்ல "வரவே கூடாது, கத்து". அரை நாள் ஆகும். மோட்டார் கன்ட்ரோலருக்கு இத ஒக்காந்து போட்டப்போ, அதுவரைக்கும் வந்த ஃபீல்டு கம்ப்ளெயின்ட்ல பெரும்பாலானது எந்த கட்டம் காலியா இருந்துச்சுன்னு விரல வச்சு காட்ட முடிஞ்சுது. அந்த 54 கட்டத்தையும் அப்படியே 54 டெஸ்டா எழுதிடுங்க.

## ஆள கூப்பிட்டா கையில என்ன இருக்கணும்

வர்றவங்க மொத ஒரு மணி நேரம் இதத்தான் கேப்பாங்க, முன்னாடியே எடுத்து வைங்க. ஒதுக்கின ஈவென்ட்டோட சேத்து ட்ரான்சிஷன் லாக், கோளாறுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்காவது. அந்த ஸ்ப்ரெட்ஷீட், பாதி நிரப்பினதா இருந்தாலும் பரவாயில்ல. கடைசியா எப்போ அப்டேட் போட்டீங்க, எப்போ ரீஸ்டார்ட் ஆச்சு, கரண்ட் எப்போ போச்சு. அப்புறம் கோளாறு வந்தப்போ கிட்ட இருந்த ஆள் என்ன பண்ணாரு, எவ்ளோ வேகமா பண்ணாருன்னு அவரு வாயாலயே கேட்டு எழுதினது, "ரெண்டு தடவ டக்கு டக்குன்னு அமுக்கினேன் சார்"னு அவரு சொன்னா அத அப்படியே எழுதுங்க, திருத்தாதீங்க. முக்கியமா, மாட்டிக்கிட்ட மெஷின ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லாக்க காப்பி எடுத்துடுங்க, ரேம்ல இருக்கற அந்த 32 வரி ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் கெடைக்காது.